பதினான்காம் கேள்வி

பிப்ரவரி 9

அன்புள்ள மச்சானுக்கு,

நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? படகு ஏணியில் இன்னும் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் ஏறுகிறீர்களா?

போனில் பேசலாம் என்று இரண்டு முறை எண்ணை அழுத்திப் பாதியில் விட்டுவிட்டேன். போன தடவை நீங்கள் "சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டீர்கள். "ஆச்சு" என்றேன். அப்புறம் நாலு நிமிஷம் இரண்டு பேரும் மூச்சு விட்டதுதான் மிச்சம். காகிதத்தில் மூச்சு கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

ஆலையில் மறுபடியும் சேர்ந்துவிட்டேன். என்னை அழுத்தமானிகளிடம் விட்டுவிட்டார்கள். ஒவ்வொன்றாகக் கழற்றி, சோதித்து, அடுத்த சோதனைத் தேதியை ஒட்டித் திரும்ப மாட்டுகிறேன். அவை துக்கம் விசாரிப்பதில்லை.

உங்கள் தங்கை போய் நான்கு மாதம் பதினோரு நாள். அவள் வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையில் யாரோ ஒருவருக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு, "காதுகிட்ட இறுக்குதா?" என்று கேட்டுக்கொண்டே சாய்ந்தாள் என்று சொன்னார்கள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது, இப்படி வருவதை முன்கூட்டி யாரும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நீங்கள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "யாருக்கு மாப்பிள்ளை தெரியும்?" என்றீர்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இவ்வளவு நாள் நின்றுகொண்டிருக்கிறேன்.

இப்போது விஷயம். அந்தப் பயணத்தைப் போய்விட்டு வரலாமா? உங்கள் பாய்மரப் படகு, அதே தீவுகள், அதே பன்னிரண்டு நாள். மூன்று பேர் என்று திட்டம் போட்டோம்; இரண்டு பேராகப் போவோம். போன வருஷம் தள்ளிப் போட்டவன் நான். முதலில் கொதிகலன் பராமரிப்பு என்றேன், அப்புறம் தணிக்கை என்றேன். மூன்றாவது தேதிக்கு இருபது நாள் இருக்கும்போது அவள் இல்லை. தள்ளினவன்தானே திரும்பக் கேட்க வேண்டும்.

இந்த ஆகஸ்டில் வைத்துக்கொள்ளலாம். டிராவல் இன்சூரன்ஸை நான் பார்த்துக்கொள்கிறேன். போன வருஷம் "அந்தக் காகித வேலையை என்கிட்ட விடுங்க" என்று அவள் வாங்கிக்கொண்டாள். எதை எடுத்தாள், எடுத்தாளா என்றே எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரு தாளும் இல்லை. உங்களுக்கு ஏதாவது தெரியுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 20

மாப்பிள்ளைக்கு,

நான் நல்லா இருக்கேன். முழங்கால் இருக்கு. அது இருக்குன்னு எனக்கு நிமிஷத்துக்கு ஒரு தரம் ஞாபகப்படுத்துது. நீங்க ஒழுங்கா சாப்பிடறீங்களா? "ஆச்சு"ன்னு எழுதாதீங்க, என்ன சாப்பிட்டீங்கன்னு எழுதுங்க.

உங்க கடிதத்தைப் படகுக்குள்ள உக்காந்து மூணு தரம் படிச்சேன். போவோம் மாப்பிள்ளை. கண்டிப்பா போவோம். நானே கேக்கணும்னு இருந்தேன், வாய் வரல. என் தங்கச்சி பாப்பாவுக்காகப் போவோம். படகைக் கரையேத்தி அடிப்பாகத்தைச் சுரண்டிக்கிட்டிருக்கேன். ஒரு வருஷம் தண்ணியில சும்மா நின்னதுல அவ்வளவு சிப்பி. ஜூலைக்குள்ள பளபளன்னு ஆக்கிடறேன்.

இன்சூரன்ஸைப் பத்திப் பெருசா மண்டையை உடைச்சுக்காதீங்க. உங்களைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க ஒரு குடை வாங்கறதுக்கே ரெண்டு கடைக் குடையைத் தண்ணியில நனைச்சுப் பாத்த ஆளு. கடல் எந்த பாலிசியையும் படிச்சுப் பாத்துட்டு அலை அடிக்கறதில்ல. உங்க வீட்டுப் பக்கத்துல பேங்க் இருக்குல்ல, அங்கயே கவுன்டர்ல விக்கறான். வாங்கிப் பையில போட்டுக்கங்க. ஆரோக்கியம் பத்தி ஏதோ பதினாலாவது கேள்வின்னு ஒண்ணு கேப்பான், "இல்லை"ன்னு போட்டுட்டு வாங்க. அஞ்சு நிமிஷ வேலை.

குளிரா இருந்தா கழுத்தை மூடிக்கிட்டுப் போங்க.

மச்சான்


மார்ச் 2

அன்புள்ள மச்சானுக்கு,

நலம். சிப்பி சுரண்டும்போது கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ரொட்டி, முட்டை, ஒரு வாழைப்பழம். கேட்டீர்கள் அல்லவா, எழுதிவிட்டேன்.

வங்கிக்குப் போனேன். பாலிசி கையேடு நாற்பத்திரண்டு பக்கம். வீட்டுக்கு வாங்கி வந்து படித்தேன். பத்தொன்பதாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது: பாய்மரப் படகில் மாலுமியாக வேலை செய்தால் செல்லாது. மறுநாள் திரும்பப் போய்க் கேட்டேன்.

"படகை நீங்க ஓட்டறீங்களா சார்?"

"என் மச்சான் ஓட்டுவார். நான் கயிறு பிடிப்பேன்."

"கயிறு பிடிச்சா நீங்க பயணி இல்ல சார், மாலுமி."

"பிடிக்காம சும்மா உக்காந்திருந்தா?"

"அப்ப பயணி."

"படகு சாயும்போது பக்கத்துல இருக்கற கயித்தைப் பிடிச்சுட்டா?"

அவர் மேலதிகாரியைக் கேட்டுவிட்டு வருவதாக உள்ளே போனார். இருபது நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

இரண்டாவதாகப் பார்த்தது விமான டிக்கெட்டோடு சேர்த்து விற்கிற பாலிசி. அது கரையிலிருந்து பன்னிரண்டு கடல் மைல் வரைதான். நம் வழியில் மூன்றாவது தீவு பத்தொன்பது மைலில் இருக்கிறது. ஏழு மைலுக்கு நாம் யாருமில்லாதவர்கள்.

மூன்றாவது, படகுக்காரர்களுக்கென்றே இருக்கும் ஒரு சின்ன கம்பெனி. மேற்குத் தெருவில், சைக்கிள் கடைக்கு மேலே, மூன்றாம் மாடி. மாலுமியும் செல்லும், எவ்வளவு தூரமும் செல்லும், காணாமல் போனால் தேடுவதற்கும் ஹெலிகாப்டரில் தூக்கி வருவதற்கும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். ஒரே நிபந்தனை: படகுத் தலைவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். படகு சரியாக இருக்கிறது, கூட வருபவர்கள் சொன்ன ஆரோக்கிய விவரம் எனக்குத் தெரியும், அவர்களை ஏற்றிக்கொள்கிறேன் என்று. எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது. பொறுப்பு யாருடையது என்று தெளிவாக இருக்கிறது.

அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். வந்ததும் போய் எடுத்துவிடுகிறேன்.

போன வருஷம் அவள் எதை எடுத்தாள் என்று கேட்டிருந்தேன். எழுத மறந்துவிட்டீர்கள்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 30

மாப்பிள்ளைக்கு,

தாமதத்துக்கு மன்னிச்சுக்கங்க. உடம்புக்கு ஒண்ணுமில்ல. பாய்மரத்துக் கம்பி ஒண்ணு தெறிச்சு உள்ளங்கையைக் கிழிச்சிடுச்சு. தையல் போட்டு ரெண்டு வாரம் பேனா பிடிக்க முடியல. நீங்க எப்படி இருக்கீங்க?

யோசிச்சுப் பாத்தேன். அந்த மூணாவது மாடிக் கம்பெனி வேண்டாம் மாப்பிள்ளை. சின்ன கம்பெனி, நாளைக்கு ஒண்ணுன்னா கதவைச் சாத்திட்டுப் போயிடுவான். நீங்க எதுக்குக் கயிறு பிடிக்கணும்? நான் இருக்கேன், துறைமுகத்துல ஒரு ஆளைச் சேத்துக்கறேன். நீங்க ராஜா மாதிரி உக்காந்துட்டு வாங்க. பேங்க் பாலிசியே போதும். மூணாவது தீவு வேண்டாம்னா அதையும் விட்டுடலாம், அங்க அப்படி ஒண்ணும் பிரமாதமா இருக்காது.

வேலை முடிச்சு வந்து அந்த மாடியெல்லாம் ஏறி அலையாதீங்க. ஏற்கெனவே இளைச்சுப் போயிருக்கீங்க.

நீங்க அனுப்பின தாளை எங்கயோ வெச்சுட்டேன். தேடறேன்.

மச்சான்


ஏப்ரல் 8

அன்புள்ள மச்சானுக்கு,

கை ஆறிவிட்டதா? தையலில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது இடது கையால் எழுதுகிறீர்களா என்று பார்த்தேன். இல்லை, அதே கையெழுத்துதான். நல்லது.

நீங்கள் சொன்னதைக் கேட்காமல் மாடி ஏறிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது தீவை விட்டுவிட மனசில்லை. அவள் வரைபடத்தில் வட்டம் போட்டது அதைத்தான்.

ஒரே அறை, ஒரே கவுன்டர். அங்கிருந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே மேஜையில் தேடிக்கொண்டிருந்தார். "தலையில் இருக்கிறது" என்றேன். "பாத்தீங்களா, இங்க வர்றவங்கதான் என்னைக் காப்பாத்தறாங்க" என்று சிரித்தார். என் பெயரையும் உங்கள் படகின் பதிவு எண்ணையும் கணினியில் தட்டினார். நிறுத்தினார்.

"சார், நீங்க ஏற்கெனவே எங்ககிட்ட எடுத்திருக்கீங்களே. போன வருஷம். ரெண்டு பேர்."

"நானா?"

"நீங்களும் ஒரு அம்மாவும். ஒரே விண்ணப்பம். ரெண்டு தடவை தேதி மாத்தியிருக்கீங்க. பயணமே நடக்கலன்னு கிளைம் வரல, அப்படியே இருக்கு."

மச்சான், அவள் இங்கேதான் வந்திருக்கிறாள். அதே மூன்று மாடி, அதே நாற்காலி. நான் ஒரு மாதமாக அட்டவணை போட்டுக் கண்டுபிடித்ததை அவள் போன வருஷமே கண்டுபிடித்துவிட்டாள். ஆறு மாதத்தில் முதல் தடவை, சிரித்தேன் என்று நினைக்கிறேன். அந்த அம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அப்புறம் அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அவள் கையெழுத்தில் இருக்கும் விண்ணப்பம் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். நானும் விண்ணப்பதாரர் என்பதால் நகல் தரலாமாம். இறப்புச் சான்றிதழோடு மேலாளருக்கு ஒரு கடிதம் கொடுத்தால் இரண்டு வாரத்தில் கிடைக்கும். கொடுத்துவிட்டேன்.

அப்படியென்றால் போன வருஷம் படகுத் தலைவர் தாளில் நீங்கள்தானே கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்? அவளோடு நீங்களும் அந்த மாடி ஏறினீர்களா? அன்று அவள் என்ன பேசினாள் என்று எழுதுங்கள். எதுவாக இருந்தாலும் சரி. எனக்குத் தெரியாத அவளுடைய ஒரு நாள் இன்னும் பாக்கி இருக்கிறது என்பதே எனக்குப் பெரிது.

அன்புடன்,
மாப்பிள்ளை


ஏப்ரல் 11

மாப்பிள்ளை,

அவசரமா எழுதறேன். அந்த நகல் வேண்டாம். பழைய காகிதம், பாத்தா மனசு கஷ்டம்தான் மிஞ்சும். நான் சொல்றதை ஒரே ஒரு தடவை கேளுங்க. நானே வர்ற ஞாயித்துக்கிழமை வரேன். நேர்ல பேசுவோம். அதுவரைக்கும் அங்க போகாதீங்க.

உடம்பைப் பாத்துக்கங்க.

மச்சான்


ஏப்ரல் 28

படகுத் தலைவர் அவர்களுக்கு,

நலமா?

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தட்டு எடுத்து வைத்திருந்தேன். அதற்கு அடுத்த ஞாயிறும் வைத்தேன். நீங்கள் வரவில்லை. நகல் வந்துவிட்டது.

மூன்று தாள் இருக்கின்றன. என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதல் தாள். பயணம் ஜூன் 8 முதல். பதினான்காம் கேள்வி: பயணம் செய்பவர்களில் எவருக்கேனும் தெரிந்த நோயோ, செய்ய வேண்டிய அறுவை சிகிச்சையோ உண்டா? அவள் கையெழுத்தில் பதில்: "உண்டு. எனக்கு. மூளை ரத்தக்குழாயில் வீக்கம். ஏப்ரல் ஸ்கேனில் தெரிந்தது. அறுவை சிகிச்சை ஜூன் 27, பயணம் முடிந்து திரும்பியதும்."

இரண்டாவது தாள், தேதித் திருத்தம். பயணம் ஆகஸ்ட் 17-க்கு மாற்றப்பட்டது. காரணம்: கணவரின் அலுவலக வேலை. அறுவை சிகிச்சை செப்டம்பர் 5-க்கு மாற்றப்பட்டது.

மூன்றாவது தாள், தேதித் திருத்தம். பயணம் அக்டோபர் 19-க்கு. காரணம்: மேலே உள்ளதே. அறுவை சிகிச்சை நவம்பர் 6-க்கு.

அவள் செப்டம்பர் 29 அன்று போனாள்.

நான் தள்ளிப் போட்டது பயணத்தை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 5-ஆம் தேதி என்ன செய்தேன் என்று ஆலைக் குறிப்பேட்டில் பார்த்தேன். நாற்பத்தொரு அழுத்தமானிகளைச் சோதித்திருக்கிறேன். எல்லாம் சரியாகக் காட்டின. தணிக்கைக்கு வந்தவர்களோடு மதியம் சாப்பிட்டிருக்கிறேன். அன்று வீட்டுக்கு வந்தபோது அவள் ஜன்னல் திரையைத் துவைத்துக் காயப் போட்டிருந்தாள். எதற்கு இன்றைக்கு என்று கேட்டேன். "சும்மா, லீவு போட்டிருந்தேன், வேற வேலை இல்லாம போச்சு" என்றாள்.

ஒரு கம்பெனியிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள். கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு தேடுகிற ஒரு அம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். உங்களிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒவ்வொரு தாளிலும் மூன்று கையெழுத்து. ஒன்று அவளுடையது. ஒன்று உங்களுடையது: "ஆரோக்கிய விவரங்களை அறிவேன்" என்ற வரிக்குக் கீழே. இன்னொன்று என்னுடையது.

ஆமாம், நானும் போட்டிருக்கிறேன். ஆலைக்குக் கிளம்பும்போது, ஷூ மாட்டிக்கொண்டே, செருப்பு அலமாரியின் மேல் வைத்து. "இங்க ஒண்ணு போடுங்க" என்பாள், போடுவேன். வங்கிக் கையேட்டில் பத்தொன்பதாம் பக்கம் வரை படிக்கிறவன், அவள் நீட்டியதை ஒரு வரி படித்ததில்லை. அவள் நீட்டுவதைப் படிப்பது மரியாதையில்லை என்று நினைத்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்களே, யாருக்குத் தெரியும் என்று. பதில் அன்றைக்கே உங்களிடம் இருந்தது.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். பயணத்துக்குப் பிறகு அறுவை சிகிச்சையை வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் சொன்னது யார்?

இப்படிக்கு,
இரண்டாம் விண்ணப்பதாரர்


ஜூன் 1

மாப்பிள்ளைக்கு,

எப்படி இருக்கீங்கன்னு கேக்கற தகுதி எனக்கு இல்ல. ஆனா கேக்காம எழுதத் தெரியல. எப்படி இருக்கீங்க?

அந்த ஞாயித்துக்கிழமை நான் வந்தேன். உங்க தெருமுனை வரைக்கும். எதிர்ல இருக்கற மருந்துக் கடை வாசல்ல நின்னேன். நீங்க பால்கனியில வந்து தெருவைப் பாத்தீங்க. நான் திரும்பிப் பஸ் ஏறிட்டேன். இந்த ஒரு மாசத்துல ஏழு கடிதம் எழுதிக் கிழிச்சேன்.

முதல்ல சொன்னது நான்தான்.

ஸ்கேன் படத்தை எடுத்துக்கிட்டு நேரா படகுக்குத்தான் வந்தா. கடைக்காரங்க மருத்துவப் பரிசோதனை முகாம் வெச்சாங்களாம், தலைவலின்னு சொன்னதுக்கு எடுத்துப் பாத்தாங்களாம். டாக்டர் கிட்ட நானும் கூடப் போனேன். "இன்னிக்கே பண்ணணும்னு இல்ல, ஆனா மாசக்கணக்குல தள்ளாதீங்க"ன்னார். ஆபரேஷன்ல என்ன ஆபத்துன்னு பாப்பா கேட்டா. அவர் சொன்னார். எங்க அம்மா ஆபரேஷன் டேபிள்ல இருந்து திரும்பி வரல, அது உங்களுக்குத் தெரியும். வெளிய வந்ததும் சொன்னேன், "பாப்பா, முதல்ல கடலுக்குப் போயிட்டு வருவோம். வந்து பண்ணிக்கலாம்." அவளுக்குத் தைரியம் சொல்றதா நெனச்சேன். எனக்குப் பயம் மாப்பிள்ளை. அவ்வளவுதான். அதுக்கு மேல அழகா சொல்ல எனக்கு வரல. பத்து வருஷமா என் படகுக்கு வராதவ வரேங்கறா, அந்த ஆசையும் இருந்துச்சு. அதையும் மறைக்கல.

உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னது அவதான். "அவருக்குத் தெரிஞ்சா அன்னையிலேருந்து என்னை ஒரு மீட்டரைப் பாக்கற மாதிரி பாப்பாருண்ணா. பயணத்தை ரத்து பண்ணிட்டு ஆஸ்பத்திரியில நாற்காலி போட்டு உக்காந்துடுவாரு. பன்னிரண்டு நாள் அவர் சாதாரணமா என்கூட சண்டை போட்டுக்கிட்டு வரணும். அப்புறம் சொல்லிக்கறேன்"ன்னா. சத்தியம் வாங்கிக்கிட்டா.

நீங்க முதல் தடவை தள்ளினப்ப சிரிச்சா. ரெண்டாவது தடவை தள்ளினப்ப போன் பண்ணி அழுதா. அப்ப நான் உங்களுக்கு போன் போட்டேன். ஞாபகம் இருக்கா? சொல்லிடணும்னுதான் போட்டேன். நீங்க எடுத்த உடனே, "மச்சான், நங்கூரச் சங்கிலி எத்தனை மீட்டர், நான் அட்டவணையில எழுதணும்"னீங்க. நாப்பதுன்னேன். "சரி, நன்றி"ன்னீங்க. வெச்சுட்டேன்.

இன்னொண்ணும் இருக்கு. இதைச் சொல்லாம விட்டா உங்களுக்கு நல்லதுன்னு தோணுது. அப்படி நெனச்சு நெனச்சுத்தான் இவ்வளவும் ஆச்சு. அதனால சொல்லிடறேன். முதல் ரெண்டு தாளையும் கையெழுத்துக்கு இடம் மட்டும் தெரியற மாதிரி மடிச்சுக் குடுத்தாளாம். மூணாவதை மடிக்காம குடுத்தாளாம். "முழுசா விரிச்சு வெச்சேன், பேனாவையும் உடனே குடுக்கல, தேடற மாதிரி நின்னேன்"னா. "படிச்சாரா?"ன்னேன். "ஷூ நாடா கட்டிக்கிட்டே போட்டுட்டுப் போயிட்டாரு"ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

தெரிஞ்சிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க மாப்பிள்ளை? இதைக் கேக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா தெனமும் அதைத்தான் யோசிக்கறேன். ரத்துதானே பண்ணியிருப்பீங்க? அவ சொன்ன மாதிரி?

மச்சான்


ஜூன் 24

மாப்பிள்ளைக்கு,

உடம்பு எப்படி இருக்கு? பதில் வரல. கடிதம் கிடைச்சுதா இல்லையான்னு தபால்காரரைக் கேட்டேன். அவர் என்ன பண்ணுவார் பாவம்.

படகைத் தண்ணியில இறக்கிட்டேன். புதுப் பாய் கட்டியிருக்கேன். காணாம போச்சுன்னு சொன்ன தாள் காணாம போகல. மேஜை டிராயர்லதான் இருந்துச்சு. கையெழுத்துப் போட்டு இத்தோட வெச்சிருக்கேன். நீங்க வந்து என்னைத் திட்டுங்க, அடிங்க, பன்னிரண்டு நாளும் என் மூஞ்சியைப் பாக்காம முன்பக்கம் திரும்பி உக்காந்துக்கங்க. ஆனா வாங்க. நமக்குன்னு வேற யாரு இருக்கா?

மச்சான்


ஆகஸ்ட் 3

அவளுடைய அண்ணனுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஆலைக்குப் போகிறேன்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளைத் திருப்பி அனுப்புகிறேன். அதில் "ஆரோக்கிய விவரங்களை அறிவேன்" என்ற வரிக்குக் கீழே நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். இந்தத் தடவை நான் என் விவரம் எதையும் உங்களுக்குச் சொல்லவில்லை. கேட்காமலே போட்டிருக்கிறீர்கள்.

பயணம் போகிறேன். உங்கள் படகில் இல்லை. இங்கே ஒரு பாய்மரப் பள்ளியின் படகு இருக்கிறது. ஏழு பேர், யாரையும் எனக்குத் தெரியாது. அதே தீவுகள், மூன்றாவதும் உண்டு. படகுத் தலைவர் ஒரு பெண், குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு இருக்கும். போன வாரம் பயிற்சியின் முதல் நாள் எங்கள் எல்லோரையும் படகுத்துறைப் பலகைமேல் வரிசையாக உட்கார வைத்தார்.

"மாத்திரை, மயக்கம், நெஞ்சுவலி, எது இருந்தாலும் இப்ப சொல்லிடுங்க. சொன்னா சிரிக்க மாட்டேன், இறக்கி விடவும் மாட்டேன். நடுக்கடல்ல வந்து சொன்னீங்கன்னா ரெண்டும் பண்ணுவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் நீரிழிவு என்றார். ஒரு பெண் தனக்கு ஆழம் என்றால் பயம் என்றாள். "பயமும் எழுதிக்கணுமா மேடம்?" என்று யாரோ கேட்டார். "அதைத்தான் முதல்ல எழுதணும்" என்று எழுதிக்கொண்டார். மொத்தமே பத்து நிமிஷம்தான் ஆயிற்று. இவ்வளவு சுலபம்.

என் முறை வந்தபோது, உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன். "வேற?" என்றார். அவளைப் பற்றிச் சொன்னேன். தாள்களைப் பற்றியும் சொன்னேன். ஏழு அந்நியர்களுக்கு நடுவில் சொன்னேன். யாரும் என் தோளைப் பிடிக்கவில்லை.

நீங்கள் கேட்டதற்குப் பதில். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்டீர்கள். இரண்டு மாதம் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ரத்து செய்திருக்க மாட்டேன். ஜூன் 8-ஆம் தேதி கிளம்பியிருப்பேன். கொதிகலனை வேறு யாராவது பார்த்திருப்பார்கள். நான் இல்லாத இந்த ஜனவரியில் வேறு ஒருவர்தான் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டு நாள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு வந்திருப்பேன். இருபதாம் நாள் ஆஸ்பத்திரியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் சொன்னதில் பாதி சரி. அந்த நாற்காலியில் உட்காருவதுதான் என் வேலை. அதை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள். அவளும் எடுத்துக்கொண்டாள். அவளிடம் கேட்க முடியாது என்பதால் உங்கள் பங்கோடு அவள் பங்கையும் சேர்த்து உங்கள்மேல்தான் கோபப்படுகிறேன். இது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும்.

மூன்றாவது தாளை அவள் விரித்து வைத்ததைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். இல்லை, சொன்னது சரி. இவ்வளவு நாளில் நீங்கள் எனக்குச் செய்த ஒரே மரியாதை அதுதான்.

நேற்று மேற்குத் தெருவுக்குப் போய்ப் பாலிசி எடுத்தேன். எல்லாப் பக்கமும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கடைசியில் அந்த அம்மாள் ஒரு கட்டத்தைக் காட்டினார்.

"ஏதாவது ஒண்ணுன்னா யாருக்குத் தெரிவிக்கணும் சார்? இதைக் காலியா விட்டா கணினி ஏத்துக்காது."

உங்கள் பெயரை எழுதினேன்.

"என்ன உறவு?"

"என் மனைவியோட அண்ணன்."

அவர் அந்தப் பெயரை உடனே அடையாளம் கண்டுகொண்டார் என்று நினைக்கிறேன். "இவரேதானா சார்? நல்லா யோசிச்சுக்கங்க" என்றார்.

"இவரேதான்" என்றேன்.

மன்னித்துவிட்டேன் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். எனக்கு ஏதாவது ஆனால், முகம் தெரியாத ஒருவர் உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார். அதற்குள் ஏழு பேருக்கும் ஒரு கம்பெனிக்கும் அது தெரிந்திருக்கும். எல்லோருக்கும் கடைசியாக நீங்கள் தெரிந்துகொள்வீர்கள். அது எப்படி இருக்கும் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.

ஒன்றும் ஆகாவிட்டால் ஆகஸ்ட் 28 அன்று கரையில் இருப்பேன். அப்போதும் உங்களை யாரும் கூப்பிட மாட்டார்கள்.

கையில் தழும்பு இறுகாமல் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டிருங்கள்.